கருகிய ரசீதுகளும் ஹிவாசா மழையும்: ஒரு பயணப் புத்தகத்தை நானே போட்ட கதை

முதலில் இஸ்திரிப் பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தக வேலையில் நான் செய்த முதல் காரியமும் முதல் தப்பும் அதுதான்.

2019 மார்ச்சில் ஜப்பானுக்குப் போய், ஷிகோகு தீவைச் சுற்றியிருக்கும் 88 பௌத்தக் கோயில்களை 47 நாளில் முடித்துவிட்டு வந்தேன். வழியில் வாங்கிய சோற்று உருண்டைக்கும் கால் பிளாஸ்திரிக்கும் கிடைத்த ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். 26 ஆண்டு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்குத் தாளைத் தூக்கிப் போட மனசு வராது. 2021-இல் புத்தகம் எழுதலாம் என்று டின்னை இறக்கித் திறந்தால், 143 ரசீதில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். மேலே மொட்டை மாடி, வெளியே மதுரை வெயில். எழுத்தெல்லாம் காணாமல் போயிருந்தது.

சூடு காட்டினால் எழுத்து திரும்பி வரும் என்று எங்கோ கேட்டதை நம்பி, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி ஒரு ரசீதின் மேல் வைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முழுத் தாளும் தோசைக்கல் மாதிரி கறுத்துப்போனது. அந்த வகைத் தாளில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு மட்டும்தான். கடை இயந்திரம் எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் சுடுகிறது, நான் மொத்தமாகச் சுட்டுவிட்டேன். இது புரிவதற்குள் மூன்று ரசீது பலி.

பலித்தது வேறு வழி. காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் ரசீதை வைத்து, போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கடைசி வரை ஏற்றினேன். மங்கிய எழுத்து பேய் மாதிரி எழுந்து வந்தது. இப்படி 60 சொச்சம் தேறின. யாராவது பயணம் போய் வந்து எழுதும் எண்ணத்தில் இருந்தால், ரசீதை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஷிகோகு யாத்திரையில் நோக்யோசோ என்று ஒரு முத்திரைப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு கோயிலிலும் வழிபாடு முடிந்ததும் அலுவலகத்தில் கொடுத்தால், தூரிகையால் எழுதி மூன்று செந்நிற முத்திரை இட்டுத் தருவார்கள். நான் போனபோது ஒன்றுக்கு 300 யென்; 88-க்கு 26,400. அப்போது காலை 7 முதல் மாலை 5 வரைதான், 5:05-க்குப் போனால் ராத்திரி அந்த ஊரிலேயே தங்க வேண்டியதுதான். அவ்வளவு அருமையான புத்தகம். ஆனால் அதில் தேதி போட மாட்டார்கள்! என்னுடைய 88 பக்கத்தில் ஒன்றில்கூடத் தேதி இல்லை. எந்த நாள் எந்த ஊரில் இருந்தேன் என்று சொல்ல என்னிடம் இருந்தது மூன்று 80 பக்க நோட்டு, 3,400 படம், இந்த ரசீதுகள்.

நோட்டு அதிகம் உதவவில்லை. நடக்கும்போது எழுதிய குறிப்பு ஞானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். புரட்டினால் முக்கால்வாசி காலைப் பற்றிய புகார். ‘இடது சுண்டுவிரல், கொப்புளம் உடைந்தது.’ ‘மறுபடி மீன் சாறு.’ நான் சைவம், அங்கே எந்தக் குழம்பிலும் மீன் வாசம் இருக்கும். உள்ளே உப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டைதான் என்னைக் காப்பாற்றியது, நார்த்தங்காய் ஊறுகாயோடு பழைய சோறு சாப்பிட்ட மாதிரி. நோட்டில் கடலைப் பற்றி இரண்டே வரி. நாள்கணக்கில் கடலோரமாக நடந்திருக்கிறேன், இரண்டு வரி!

எனவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கணினியில் ஒரு தாள் திறந்து, 47 வரிசை போட்டு, நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ரசீது, படம், நோட்டுப் பக்கம் என்று நிரப்பினேன். வங்கியில் கணக்கு நேர் பண்ணுவது மாதிரிதான். சில சிறு கடை ரசீதுகளில் 31-4-12 என்று இருந்தது குழப்பியது. ஏப்ரலுக்கு ஏது 31? பிறகுதான் புரிந்தது, முதலில் நிற்பது ஆண்டு. பேரரசரின் ஆட்சிக் கணக்கில் 2019 என்பது ஹெய்செய் 31. அந்த மே 1-ஆம் தேதி புதுப் பேரரசர் பதவியேற்று ரெய்வா 1 பிறந்தது. என் டின்னிலும் 31 சட்டென்று முடிந்து 1 தொடங்குகிறது. ஒரு யுகம் மாறியதை நான் பிளாஸ்திரி ரசீதில் கண்டுபிடித்தேன்.

இந்தத் தாளை நிரப்ப ஐந்து வாரம் ஆனது. நிரப்பி மூடி வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலேயே எழுத ஆரம்பித்தேன். அது இரண்டாவது தப்பு.

புத்தகத்தின் முதல் படி 78,000 சொல். தலைப்பு ‘தனியாக 1,200 கிலோமீட்டர்’. யாத்திரையின் மொத்தத் தூரம் ஏறத்தாழ அவ்வளவு. அமைப்பும் கையில் தயாராக இருந்தது. தீவின் நான்கு மாகாணங்களுக்கும் யாத்திரை மரபில் நான்கு பெயர் உண்டு: தோகுஷிமா விழிப்பு, கோச்சி ஒழுக்கம், எஹிமே ஞானம், ககாவா நிர்வாணம். இதை விட அழகான அட்டவணை ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்குமா என்று பூரித்துப்போய், நான்கு பாகமாகப் பிரித்து எழுதினேன். விளைவு, எஹிமே வந்ததும் எனக்கு ஞானம் வந்தாக வேண்டியதாயிற்று. வரவழைத்தேன். 43-ஆம் கோயிலான மெய்செகிஜியில் மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவின் கடைசி ஒன்பது ஆண்டுகளை நினைத்து மனம் அடங்கியதாக ஆறு பக்கம். அன்றைய நோட்டில் இருப்பது: ‘பல்வலி. துணி துவைக்க 200 யென்.’

படித்துப் பார்க்க மூன்று பேருக்குக் கொடுத்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி, ‘ரொம்ப நல்லா இருக்குடி’ என்றாள். அதில் ஒரு உபயோகமும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 40 பக்கம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். “அம்மா, ஒற்றுப் பிழையெல்லாம் நான் பார்த்துக்கறேன். ஆனா நீங்க ஏன் இத்தனை தடவை ‘உணர்ந்தேன்’?” தேடிப் பார்த்தேன். 214 இடம். அழிக்க அழிக்க, அந்த இடத்தில் எழுத ஒன்றுமே இல்லாதது தெரிந்தது. அச்சுக்குப் போனபோது 9 மிச்சம்.

மூன்றாவது ஆள் என் தங்கை. அவள் படிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். முதலில் சந்தேகம்: “ஏங்க்கா, கொச்சிக்குப் போனேன்னு இருக்கே, கேரளாவுக்கா?” அதை விளக்கி முடித்ததும் கேட்டாள்: “ரயில்ல போனேன்னு ஒரு நாள் அங்கேருந்து போன் பண்ணி அழுதியே, அது எங்கே இதில?”

நான் மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை.

அது ஒன்பதாவது நாள், மார்ச் 30. ஹிவாசா என்ற கடலோர ஊர், 23-ஆம் கோயில் யாகுவோஜி. பொல்லாத வயது கழிக்கும் கோயில் அது. பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி. அந்தந்த வயதுக் கண்டத்துக்குப் படிக்கு ஒரு காசு வைத்துக்கொண்டே ஏறுவார்கள். அங்கிருந்து அடுத்த கோயில் முரோத்தோ முனையில், சுமார் 75 கிலோமீட்டர். காலையிலிருந்து மழை. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, செருப்பில்கூடக் கால் நுழையவில்லை. படியிறங்கி ரயில் நிலையத்துக்குப் போய், முகி என்ற ஊர் வரைக்கும் ரயிலில் உட்கார்ந்துவிட்டேன். 15 கிலோமீட்டர் இருக்கும். புத்தகத்தின் முதல் படியில் இந்த நாளை எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? ‘மழை முகத்தில் அறைய, கடலைப் பார்த்தபடி முகியை நோக்கி நடந்தேன்.’

தங்கை போனை வைத்ததும் என்னுடைய கணக்குத் தாளைத் திறந்தேன். யாகுவோஜி பக்கத்துக் கடையில் ரசீது, காலை 9:12. முகியில் இன்னொரு கடையில் ரசீது, 10:31. புண்ணான காலோடு 79 நிமிடத்தில் 15 கிலோமீட்டர். கவுன்ட்டரில் இப்படி ஒரு வவுச்சர் வந்திருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டிருப்பேன்.

தலைப்பில் ‘1,200 கிலோமீட்டர்’ பொய்யாயிற்று. சரி, அதை எடுத்துவிடலாம். ‘தனியாக’வையாவது வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தால் அதுவும் நிற்கவில்லை. யாத்திரிகர்கள் போடும் கோரைத் தொப்பியிலேயே எழுதியிருக்கும், ‘தோக்யோ நினின்’ என்று. இருவர் சேர்ந்து போகிறோம் என்று பொருள். இன்னொருவர் கோபோ தாய்ஷி. 774 முதல் 835 வரை வாழ்ந்த கூகாய் என்ற துறவிதான் அவர், இந்தத் தீவில் பிறந்தவர். கையிலிருக்கும் தடிதான் அவர் என்பார்கள். அதனால் பாலத்தின் மேல் நடக்கும்போது தடியை ஊன்றக் கூடாது. ஒரு முறை தங்க இடம் கிடைக்காமல் அவர் ஒரு பாலத்தடியில் படுத்திருந்தாராம், கீழே தூங்குபவரை எழுப்பிவிடுவோம்.

தொப்பியை விடுங்கள், வழியெல்லாம் மனிதர்கள். ஓசெத்தாய் என்று ஒரு வழக்கம் அங்கே. யாத்திரிகருக்கு ஊர்க்காரர்கள் ஆரஞ்சு, தேநீர், காசு, சில நேரம் ராத்திரி தங்க இடம் என்று எதையாவது கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கிக்கொண்டு, நம் பெயரும் ஊரும் எழுதிய சிறு வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கோச்சியில் ஒரு பாட்டி சைக்கிளை நிறுத்தி, 500 யென் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள். நான் யாரிடமும் பத்து ரூபாய் கடன் வைக்காதவள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஒன்பது ஆண்டில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாட்டைக்கூட மறுநாளே வேறு ஏதாவது போட்டுத் திருப்பியவள். அந்த நாணயத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றேன். பயணம் என்னை மாற்றியது என்று ஏதாவது இருந்தால் அது அந்த ரோட்டில்தான் தொடங்கியது. முதல் படியில் அந்தப் பாட்டிக்கு நான் ஒதுக்கியது நான்கு வரி.

நான்கு பாகத்தையும் கலைத்தேன். புத்தகம் இப்போது ரயிலில் ஆரம்பிக்கிறது. தலைப்பு ‘ஹிவாசாவில் மழை’.

கலைத்த பிறகு வெட்டுவது சுலபமாக இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. கூகாய் 804-இல் சீனா போய் ஹுய்குவோ என்ற ஆசானிடம் கற்றார். அந்த ஆசானின் ஆசான் அமோகவஜ்ரர், அவருடைய ஆசான் வஜ்ரபோதி. வஜ்ரபோதி தென்னிந்தியர், காஞ்சியோடும் பல்லவர்களோடும் தொடர்புபடுத்திச் சொல்லப்படுபவர். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. காஞ்சிபுரத்துக்கும் நான் நடந்த பாதைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு! 11 பக்கம் எழுதினேன், பட்டுச் சேலையெல்லாம் உள்ளே வந்தது. தமிழாசிரியர், “நல்ல கட்டுரை. இந்தப் புத்தகத்தில ஏன் இருக்கு?” என்றார். யோசித்துப் பார்த்தால், நடந்தபோது எனக்கு இது தெரியவே தெரியாது. எல்லாம் இங்கே வந்து மின்விசிறிக்குக் கீழே படித்தது. அப்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: காலில் பட்ட தகவல் இருக்கட்டும், வீட்டில் தேடியது போகட்டும். பாலத்தில் தடி ஊன்றாத கதை தங்கியது, ஏனென்றால் அதை எனக்கு ஒருவர் பாலத்தின் மேலேயே சைகையில் சொன்னார். வஜ்ரபோதி போனார். இன்னும் கொஞ்சம் வருத்தம்தான், பாருங்கள், இங்கே சந்து கிடைத்ததும் சொல்லிவிட்டேன்.

வேறு ஒரு அத்தியாயம் எழுத்தில் நன்றாக வந்திருந்தும் எடுத்தேன். இலவசத் தங்கும் குடிசை ஒன்றில் ஒருவர், இறந்துபோன மகனின் படத்தைக் காட்டிக் கதை சொன்னார். பாதி ஜப்பானியம், பாதி போன் மொழிபெயர்ப்பு. அது அவருடைய கதை. அவரைக் கேட்க எனக்கு வழியில்லை. மற்றவர்களுக்கு ஊரையும் அடையாளத்தையும் மாற்றினேன், முகம் தெரியும் படம் ஒன்றும் போடவில்லை. இப்படியெல்லாம் போய் 78,000 சொல் 41,000 ஆனது.

அடுத்தது பெயர்கள். ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதுவது பெரிய தலைவலி. நமக்கு இடையில் வரும் ஒற்றைக் ‘க’ மென்மையாக ஒலிக்கும். அவர்களுடையது வல்லோசை என்றால் ‘ஷிக்கோக்கு’ என்று எழுத வேண்டும். அதே கணக்கில் தோகுஷிமாவைத் ‘தொக்குஷிமா’ என்று எழுதினால் தக்காளித் தொக்குதான் ஞாபகம் வருகிறது. உச்சரிப்பை விட்டுக்கொடுத்து, கண்ணுக்கு உறுத்தாத வடிவத்தை வைத்துக்கொண்டேன். எது எப்படி என்று ஒரே பக்கத்தில் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இல்லாவிட்டால் ஒரே கோயில் மூன்று பெயரில் வரும், எனக்கு வந்தது. 88 கோயில் பெயரையும் போடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். முதல் படி ரயில்வே கால அட்டவணை மாதிரி இருந்தது. கடைசியில் 19 பெயர் மட்டும்.

பக்க வடிவமைப்புக்கு ஊரில் ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். அவர்களிடம் இருந்தது பழைய மென்பொருள், இன்றைய கணினித் தமிழான யூனிகோடு ஏறாது. என் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். அந்தக் கால எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தும் குறியும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். மாற்றும்போது எது காற்புள்ளி, எது எழுத்து என்று குழம்பும். வந்த படியில் மேற்கோள் குறிகள் எல்லாம் ஏதேதோ எழுத்தாக மாறியிருந்தன. ஷ, ஹ, ஸ மூன்றும் சிதறியிருந்தன. சாதாரணத் தமிழ் நாவல் என்றால் பக்கத்துக்கு நாலைந்து இடம்தான் திருத்தணும். என் புத்தகத்தில் ஒவ்வொரு ஊர்ப் பெயரிலும் ஷவும் ஹவும்! 30 பக்கம் திருத்திவிட்டு, கொடுத்த முன்பணத்தை மறந்துவிட்டு, கோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற மென்பொருளில் நானே செய்தேன். இலவசம். டெம்மி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். எழுத்து நோட்டோ செரிஃப் தமிழ், 11 புள்ளி, வரி இடைவெளி 15. இந்த எழுத்துருவுக்குத் திறந்த உரிமம், அச்சிட யாரையும் கேட்க வேண்டாம். உள்பக்க ஓரத்தை 20 மில்லிமீட்டர் விடுங்கள். நான் முதலில் 15 விட்டு, சோதனைப் படியில் வரியின் கடைசி எழுத்துகள் முதுகுப் பக்கம் புதைந்துபோயின. தலைப்பு, பத்தி, மேற்கோள் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பாணி அமைத்துவிட்டால், பிறகு ஒரே இடத்தில் மாற்றினால் போதும். நான் 60 பக்கம் கையால் அலங்கரித்துவிட்டுத்தான் இதைக் கற்றேன்.

எதிர்பாராத தொல்லை ஒன்று வந்தது. இருபக்கமும் சீராக நிறுத்தினால் தமிழில் வரிக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். ‘நடந்துகொண்டிருந்தபோதெல்லாம்’ மாதிரி ஒரு சொல் வரிக் கடைசியில் இடமில்லாமல் கீழே இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய நாலு சொல்லும் பல்லிளிக்கும். ஓட்டை விழுந்த ஒவ்வொரு இடத்துக்கும் போய் அந்த நீளச் சொல்லை உடைத்தேன், ‘நடந்தபோது’ என்று. 200 பக்கம் இப்படிச் செய்து முடித்தபோது வாக்கியங்கள் எல்லாம் மெலிந்து, ஓட ஆரம்பித்திருந்தன. தமிழாசிரியர் திருத்தியதை விட அந்தச் சீர்படுத்தும் பொத்தான் என் உரைநடையை அதிகம் திருத்தியிருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

கடைசியில் 211 பக்கம் வந்தது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 100 படிக்கு டிஜிட்டல் அச்சுத்தான், பாரக் கணக்கு கட்டாயம் இல்லை; ஆனால் பின்னால் பாரம் பாரமாக அச்சிடும் ஆஃப்செட்டில் 500 போட்டால் என்ன செய்வது? 13 பாரம் என்றால் 208. மூன்று பக்கம் எடுக்க வேண்டும். கடைசி மூன்று பக்கத்தில் ‘இந்தப் பயணம் எனக்குக் கற்றுத் தந்தவை’ இருந்தது. எடுத்தேன். யாரும் தேடவில்லை.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் தேசிய முகமையில் இணையம் வழியே விண்ணப்பித்தேன். கட்டணம் கிடையாது. சொந்தமாகப் போடும் எழுத்தாளராகவே பதியலாம். அந்த எண்ணிலிருந்து பட்டைக் குறியீடு செய்து, அட்டைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கோயில் முத்திரையின் செந்நிறத்தில் போட்டேன். அச்சகத்துத் தம்பி பார்த்ததும் சிரித்துவிட்டான். “மேடம், கடையில ஸ்கேனர் சிவப்பு லைட்தான் அடிக்கும். சிவப்புக் கோடு அதுக்கு வெள்ளையாத்தான் தெரியும்.” கறுப்பாக்கினோம்.

அட்டையில் நோக்யோசோவின் ஒரு பக்கத்தை வைக்க ஆசை இருந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் வழிபாட்டுக்குச் சாட்சியாக ஒருவர் எழுதிக் கொடுத்ததை விலை போட்டு விற்கும் பொருளின் மேல் ஒட்ட மனசு ஒப்பவில்லை. ஈரத் தார்ச்சாலையில் என் தடியின் நிழல் விழுந்த படம் ஒன்று இருந்தது, அது அட்டையாயிற்று. உள்ளே ஒரு வரைபடமும் தொப்பியை மேலிருந்து எடுத்த ஒரு படமும் மட்டும். வரைபடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுத்தேன். அவர்கள் பெயரைக் கீழே போட்டால் போதும், அச்சிடலாம்.

100 படிக்கு, 70 ஜிஎஸ்எம் பழுப்புத் தாளில், ஒன்று 125 ரூபாய் வந்தது. ஆஃப்செட்டில் 500 போட்டால் ஒன்று 70 ரூபாய்க்கு முடியும் என்றார்கள். கணக்குப்படி அதுதான் லாபம், ஆனால் 400 புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பது வேறு கணக்கு. விலை 250 வைத்தேன். கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதம் கழிவு, மிச்சம் 150, அதில் அச்சுக்கூலி போக 25 ரூபாய். தபாலில் நேராக அனுப்பியதில்தான் ஏதோ நின்றது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு நிம்மதி. நான்கு படி இலவசமாகப் போனது: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று நம் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடும் பலர் இதைச் செய்வதில்லை. நான் அனுப்பினேன், கன்னிமாராவுக்கு நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கியவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு நோக்யோசோ ஞாபகம் வந்தது. இங்கே தேதியும் போட்டார்கள்.

அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போடும் வேலை ஒரு வாரம்தான். தமிழ் மின்னூலை ஏற்கிறார்கள். இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் அவர்களுக்கு மட்டும் என்னும் திட்டத்தில் 90 நாள் சேர வேண்டும், அதுவரை மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது. இல்லாவிட்டால் 35. சேர்ந்தேன்.

வெளிவந்த மாதத்தில் ஒரு படியைக் கோச்சியில் நான் இரண்டு ராத்திரி தங்கிய சின்ன விடுதியின் அம்மாவுக்கு அனுப்பினேன். 80 தாண்டியவர். என் கால் புண்ணுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, காசு வாங்காதவர். அவருக்குத் தமிழ் தெரியாது, வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினேன். இங்கே 60 பேருக்கு மேல் படித்தாயிற்று. தமிழாசிரியர் இரண்டு முறை படித்து, ஒற்றுப் பிழை நான்கு கண்டுபிடித்துத் தந்திருந்தார்.

ஏழு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நடுங்கும் பென்சிலில் ஒரு வட்டத் தொப்பி, அதைச் சுற்றி அரை வட்டமாக ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 131 என்று எண். கீழே ஒரு சிரிக்கும் முகம். நான் 131-ஆம் பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து எடுத்த என் தொப்பியின் படம். வட்டமாக இருந்ததால் எந்தப் பக்கம் மேல் என்று யோசிக்காமலேயே வைத்திருக்கிறேன். ‘இருவர் சேர்ந்து போகிறோம்’ தலைகீழாக நிற்கிறது.

கோப்பில் திருத்திவிட்டேன். அச்சிட்டதில் இன்னும் 31 படி இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அனுப்பும்போது, 131 வந்தால் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிறு வெள்ளைச் சீட்டில் எழுதி, என் பெயரும் ஊரும் போட்டு உள்ளே வைக்கிறேன்.